கேடிஎம் 390 ட்யூக்: சென்னையில் ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வாங்கலாமா என்று கேட்பவர்களும், வாங்கிய பிறகு "இது நார்மலா?" என்று கேட்பவர்களும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறது. முதல் கேள்வியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். மற்ற பதில்கள் பலவும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன.

390 ட்யூக்னா எல்லாம் ஒரே வண்டிதானே? எதுக்கு முதல்ல வருஷம் கேக்கறீங்க?

பெயர்தான் ஒன்று, வண்டி மூன்று. 2013 முதல் 2016 வரை வந்தது முதல் தலைமுறை: 373.2 சிசி, கேபிளில் இயங்கும் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்), சின்ன டேங்க், ஆரஞ்சு வெளிச்சம் அடிக்கும் சின்ன மீட்டர். சட்டென்று கியர் குறைத்தாலும் பின் சக்கரம் இழுபடாமல் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் 2014-ல்தான் சேர்ந்தது. 2017-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் எஞ்சின் அளவு அதேதான். ஆனால் த்ராட்டில் எலக்ட்ரானிக், முன் டிஸ்க் 300 மி.மீ-லிருந்து 320 ஆனது, டேங்க் 13.4 லிட்டர், எல்இடி ஹெட்லைட், கலர் ஸ்க்ரீன். 2020-ல் பிஎஸ்6 என்ற புகை விதிக்கு மாறியபோது, கிளட்சைப் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குவிக்‌ஷிப்டரும் சேர்ந்தது.

2023 செப்டம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை அடியிலிருந்து புதிது. 399 சிசி, 46 பிஎஸ் சக்தி, 39 நியூட்டன் மீட்டர் இழுவிசை, 15 லிட்டர் டேங்க், வளைவில் சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்யும் ஏபிஎஸ், பின் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்ட்ரீட், ரெயின், ட்ராக் என்று மூன்று மோட். 2014 வண்டியின் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் சீல்) கதையைக் கேட்டுவிட்டு 2024 வண்டியைப் பார்த்துப் பயப்படுவதும், புது வண்டியின் ரிவ்யூவைப் பார்த்துவிட்டு 2015 வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதும் இங்கே தினமும் நடக்கிறது. வருஷம் தெரியாமல் இந்த வண்டியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஓட்ட எப்படி இருக்கும்? எடுத்த எடுப்புல பறக்கும்னு சொல்றாங்களே?

373 சிசி வண்டிகள் 4,000 ஆர்பிஎம்முக்குக் கீழே முனகும், 5,000-க்கு மேல் விழித்துக்கொள்ளும், 7,000-க்கு மேல் கையை இழுக்கும். நான்காவது கியரில் மணிக்கு 35 கி.மீ-ல் போட்டுவிட்டு முறுக்கினால் செயின் தடதடக்கும், வண்டி உதறும். அது கோளாறு அல்ல. ஒற்றை சிலிண்டரைத் தூங்கும் ஆர்பிஎம்மில் எழுப்பினால் அப்படித்தான். ஒரு கியர் குறையுங்கள்.

399 சிசி இந்த விஷயத்தில் நன்றாகத் திருந்தியிருக்கிறது. 4,000-லேயே ஒழுங்காக இழுக்கிறது. கத்திப்பாரா மேம்பாலத்தின் சுற்றுப் பாதையில் மூன்றாம் கியரை மாற்றாமலே வரலாம். முன் ஃபோர்க்கில் கம்ப்ரெஷன் (அமுங்கும் வேகம்), ரீபவுண்ட் (மீளும் வேகம்) இரண்டையும் கையாலேயே ஐந்து ஐந்து க்ளிக் திருப்பலாம். மெட்ரோ வேலைக்காக இரும்புத் தகடு போட்ட சாலைகளில் தினமும் போகிறவர் கம்ப்ரெஷனை இரண்டு க்ளிக் தளர்த்திப் பார்க்கட்டும், மணிக்கட்டு நன்றி சொல்லும். நகருக்குள் இருசக்கர வண்டிக்கு வேக வரம்பு 50. இந்த வண்டிக்கு அது இரண்டாம் கியர் வேலை. நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப உதவும் லாஞ்ச் கன்ட்ரோலை முயன்று பார்க்க ஆசையாக இருந்தால் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரைக்கும் ஸ்ப்ளெண்டர்தான் ஓட்டியிருக்கேன். நேரா இதுக்குப் போலாமா?

போகலாம் என்று சொல்ல மனம் வரவில்லை. 168 கிலோ வண்டிக்கு 46 பிஎஸ் என்பது ஸ்ப்ளெண்டர் பழகிய கைக்குப் பெரிய தாவல். ஆபத்து வேகத்தில் மட்டும் இல்லை, பிரேக்கிலும் இருக்கிறது: ட்ரம் பிரேக்கைப் பிடிக்கிற பழக்கத்தில் 320 மி.மீ டிஸ்க்கை நான்கு விரலால் அழுத்தினால் ஏபிஎஸ் காப்பாற்றும், பின்னால் வரும் வேன் காப்பாற்றாது. இடையில் 160 முதல் 250 சிசி வண்டி ஒன்றை ஒரு வருடமாவது ஓட்டிவிட்டு வாருங்கள். அப்படியும் இதுதான் வேண்டும் என்றால் மூன்றாம் தலைமுறையை எடுத்து, முதல் சர்வீஸ் முடியும்வரை ரெயின் மோடிலேயே ஓட்டுங்கள்.

என் ஹைட் அஞ்சடி நாலு. கால் எட்டுமா?

இரண்டாம் தலைமுறையில் சிரமம்தான், சீட் 830 மி.மீ-யை ஒட்டி இருக்கும். புதியதில் பின் ஷாக் அப்சார்பரைப் பக்கவாட்டில் தள்ளி வைத்ததால் சீட் தாழ்ந்துவிட்டது, நுனிக்கால் தாராளமாக ஊன்றும். ஷோரூமில் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், செருப்போடு வேண்டாம்.

சிக்னல்ல நின்னா தொடை வேகுதுங்க. வண்டில ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் இல்லை. சிறிய எஞ்சின், அதிக சக்தி, மூடுவதற்கு ஃபேரிங் கிடையாது. ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்ததும் பின்னால் தள்ளும் அனல் நேராக முழங்காலுக்கும் தொடைக்கும்தான் வரும். கத்திரி வெயிலில் அண்ணா சாலையில் மூன்று சிக்னல் தொடர்ந்து விழுந்தால் எந்தத் தலைமுறையாக இருந்தாலும் சுடும். முதல் இரண்டில் கூடுதலாகச் சுடும்.

செய்யக்கூடியவை: 60 விநாடிக்கு மேல் சிவப்பு என்றால் எஞ்சினை அணையுங்கள். மெல்லிய ட்ராக் பேன்ட் போட்டு ஓட்டாதீர்கள். தடித்த ஜீன்ஸ் அனலைத் தாங்கும். கிளட்சைப் பாதி பிடித்தபடி ஊர்ந்து போவதை விட்டுவிட்டு, முன்னால் பத்தடி இடம் விழுந்ததும் ஒரே தடவையாக நகருங்கள். சூடு திடீரென்று சில வாரங்களில் கூடியது போலத் தோன்றினால் மட்டும் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

டெம்பரேச்சர் மேல ஏறி வார்னிங் லைட் வந்துடுச்சு. என்ன பண்றது?

ஓரம் கட்டுங்கள், எஞ்சினை அணையுங்கள், அரை மணி நேரம் தொடாதீர்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிக்கும் கூலன்ட் அழுத்தத்தோடு முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு இந்த வரிசையில் பாருங்கள். ரிசர்வ் டேங்கில் கூலன்ட் அளவு MIN (குறைந்தபட்ச) கோட்டுக்கு மேல் இருக்கிறதா? கீழே, வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் சொட்டுகிறதா? சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் துளை இருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கத்தான். சீலிகோன் வைத்து அதை அடைத்துத் தரும் மெக்கானிக்கிடம் இன்னொரு முறை போகாதீர்கள். அடைத்தால் கூலன்ட் ஆயிலுக்குள் போகும்.

இரண்டும் சரியாக இருந்தால் ஃபேன். எஞ்சினை ஐடிலில் விட்டு, சூடு ஏறியதும் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் முதலில் ஃப்யூஸ், பிறகு கனெக்டர், கடைசியாக மோட்டார். ஃபேனும் ஓடுகிறது, அப்படியும் சூடு என்றால் ரேடியேட்டரின் முன்முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி, பூச்சி, லாரி வாரி அடித்த சேறு எல்லாம் தகடுகளுக்கு நடுவே களிமண்ணாக இறுகியிருக்கும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷரை நேராக அடித்தால் அலுமினியத் தகடுகள் மடிந்து காற்று போகும் வழியே அடைபடும். சாதாரணக் குழாயில், பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, மெதுவாக.

எல்லாம் சரி, கூலன்ட் மட்டும் கசிவே தெரியாமல் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். முதல் தலைமுறையில் பரவலாகப் பேசப்பட்ட புகார் இது. எஞ்சின் பக்கத்தில் உள்ள ஆயில் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஆயிலே ஃபில்டர் காபி போன்ற நிறத்தில் நுரைத்திருந்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கூலன்ட் குறைஞ்சிருந்தா வீட்டுத் தண்ணிய ஊத்திக்கலாமா?

கூடாது. சென்னையின் போர்வெல் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதை உங்கள் குளியலறைக் குழாயில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கே சொல்லும். அதே பொருக்கு ரேடியேட்டருக்குள்ளும் படியும். அலுமினியத்துக்கு ஏற்ற ரெடிமிக்ஸ் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் வாங்கி ஊற்றுங்கள். நடுவழியில் வேறு வழியே இல்லை என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். கேன் தண்ணீர் மூன்றாம் பட்சம்தான். அப்படி ஊற்றினால் அந்த வாரமே முழுவதும் வடித்துவிட்டு மாற்றுங்கள்.

ஸ்லோவா போறப்போ, யூ டர்ன் அடிக்கறப்போ பட்டுனு ஆஃப் ஆகுது. ஏன்?

373 சிசி வண்டிகளின் தீராத புகார். பாதிக் காரணம் ஓட்டும் விதம்: ஐடிலுக்குப் பக்கத்தில் இந்த எஞ்சினுக்கு இழுவை குறைவு, ஸ்கூட்டர் பழக்கத்தில் த்ராட்டிலை முழுதாக விட்டுவிட்டுத் திருப்பினால் அணையும். யூ டர்னில் த்ராட்டிலை ஒரு மயிரிழை திறந்து வைத்து, பின் பிரேக்கால் வேகத்தை அடக்குங்கள்.

அப்படியும் அணைந்தால், செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். சைட் ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு ஏறினால் கியரில் இருக்கும்போது எஞ்சினை வெட்டிவிடும். கான்டாக்ட் க்ளீனர் அடித்தாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது. அடுத்து ஏர் ஃபில்டர்: ஓஎம்ஆர், போரூர் பக்கத் தூசியில் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காதீர்கள். பிறகு த்ராட்டில் பாடியில் படிந்த கரி, பேட்டரி, ஸ்பார்க் ப்ளக். வால்வ் க்ளியரன்ஸைக் கடைசியில் பார்க்கலாம், ஆனால் 20,000 கி.மீ தாண்டிய வண்டியில் தவிர்க்க முடியாது. இரண்டாம் தலைமுறை என்றால் சர்வீஸ் சென்டரில் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சாஃப்ட்வேர் புதிய பதிப்புதானா என்று கேளுங்கள்.

ஸ்டார்ட் பண்ணா ஸ்க்ரீன் அணைஞ்சு அணைஞ்சு வருது, ஏபிஎஸ் லைட்டும் எரியுது. ஸ்க்ரீன் போயிடுச்சா?

ஸ்க்ரீனுக்கு விலை விசாரிப்பதற்கு முன் பேட்டரியை அளந்து பாருங்கள். இந்த வண்டியில் வோல்டேஜ் இறங்கினால் முதலில் உளறுவது எலக்ட்ரானிக்ஸ்தான். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே என்றால் சார்ஜ் பண்ண வேண்டும். ஸ்டார்ட் செய்து 4,000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.4 வரை காட்டாவிட்டால் ரெகுலேட்டரையும் அதன் கனெக்டரையும் பார்க்க வேண்டும். 2017-ன் ஆரம்ப வண்டிகளில் எல்இடி ஹெட்லைட் மினுங்குவது தனிக் கதை, அதைப் பேட்டரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செயின் கடகடங்குது. எத்தனை நாளைக்கு ஒருதரம் பாக்கணும்?

நாள் கணக்கு வேண்டாம், 500 கி.மீ கணக்கு வையுங்கள். மழையில் ஓட்டினால் மறுநாளே. இந்த வண்டியில் கெட்ட பெயர் வாங்கித் தரும் சத்தம், உதறல், கியர் இடறல் ஆகியவற்றில் பெரும்பகுதி செயினில்தான் தொடங்குகிறது. இதை மட்டும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் மெக்கானிக்கைப் பார்ப்பது அபூர்வம்.

பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு சக்கரம் சுற்றும்போது துணியைச் செயினில் வைக்கிறவர்களுக்கு விரல் போகிறது. செயின் க்ளீனரோ மண்ணெண்ணெயோ போதும். பெட்ரோல் வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களைத் தின்றுவிடும். மென்மையான ப்ரஷ் போட்டு, துணியால் ஈரமில்லாமல் துடைத்து, செயினின் உள்பக்கத்தில் லூப் ஸ்ப்ரே (மசகு எண்ணெய்) அடித்து, அரை மணி நேரம் விட்டு எடுங்கள்.

தளர்வை ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சக்கரத்தைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி நான்கு இடத்தில் பாருங்கள், மிக இறுக்கமான இடத்தில் மேனுவல் அளவு வர வேண்டும். இறுகிய செயின் தளர்ந்த செயினைவிட மோசம்: கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங்கையும் சீலையும் கெடுக்கும். இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். 373 சிசி மாடல்களில் பின் ஆக்ஸில் நட்டுக்கு 98 நியூட்டன் மீட்டர்; இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் குழாய் போட்டு இறுக்கவிடாதீர்கள். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பல்லில் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல் தெரிகிறதா? செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து மாற்றும் நேரம் வந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றுவது காசைத் தெருவில் போடுவது.

குவிக்‌ஷிப்டர் டவுன்ல சரியாவே வேலை செய்யல. நியூட்ரலும் விழ மாட்டேங்குது.

குவிக்‌ஷிப்டர் பாதி த்ராட்டிலில், 3,000 ஆர்பிஎம்மில் இதமாக வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். எஞ்சின் நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும்போது மேல் கியர், த்ராட்டிலை மூடியபின் கீழ் கியர், அவ்வளவுதான் அதன் வேலை. ட்ராஃபிக்கில் கிளட்சைப் பிடியுங்கள். நியூட்ரலுக்கு, வண்டி முழுதும் நிற்பதற்குச் சற்று முன், உருளும்போதே தட்டுங்கள். அப்படியும் முரண்டு பிடித்தால் கிளட்ச் கேபிள் தளர்வைப் பாருங்கள், பிறகு ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஆனது என்று பாருங்கள்.

என்ன ஆயில்? எப்போ மாத்தணும்?

373 சிசிக்கு 15டபிள்யூ50 ஃபுல்லி சிந்தெடிக், ஜாசோ எம்ஏ2 தரம் (ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கானது), ஃபில்டரோடு சேர்த்து சுமார் 1.7 லிட்டர். 399 சிசிக்கு மேனுவலில் உள்ளதை மட்டும் ஊற்றுங்கள். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். புத்தகத்தில் உள்ள இடைவெளி திறந்த சாலைக்குப் பொருந்தும்; தினம் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஊர்கிற வண்டிக்கு 5,000 கி.மீ-லேயே மாற்றுவது நல்லது. அளவு பார்க்கும்போது வண்டி நேராக நிற்க வேண்டும். சைட் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு "ஆயிலே இல்லை" என்று கால் லிட்டர் அதிகம் ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு.

மைலேஜ் குறைஞ்சிடுச்சு, இ20 பெட்ரோல்தான் காரணமா?

ஓரளவுக்கு. இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; எத்தனாலில் வெப்ப ஆற்றல் குறைவு, அதனால் மைலேஜில் சில சதவீதம் போகும். ஆனால் 27 கொடுத்த வண்டி 20 கொடுத்தால் அது பெட்ரோலின் வேலை அல்ல. டயர் காற்று, செயின், ஏர் ஃபில்டர், உங்கள் வலது கை, இந்த வரிசையில் தேடுங்கள். நகருக்குள் 22 முதல் 27, ஈசிஆரில் 90-ல் போனால் 30-ஐ ஒட்டி, இதுதான் நியாயமான எதிர்பார்ப்பு.

மூன்றாம் தலைமுறை இ20-க்கு ஏற்றபடி வந்தது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெட்ரோல் குழாய்கள், சீல்கள் ஆகியவற்றை வருடம் ஒருமுறை விரல் வைத்து அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் அரை டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டாம்.

காற்று விஷயம்: 373 சிசி மேனுவலில் தனியாக ஓட்டும்போது முன்னும் பின்னும் 2 பார், அதாவது 29 பிஎஸ்ஐ. பங்கில் கேட்காமலேயே பின்னால் 40 வைத்துவிடுவார்கள். அதோடு மழையில் வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபோர்க்ல எண்ணெய் வடியுது. சீல் மாத்தியே ஆகணுமா?

உடனே இல்லை. இது தலைகீழ் ஃபோர்க், வழவழப்பான குழாய் கீழே சக்கரத்துப் பக்கம் இருப்பதால் சேறு நேராக அதில்தான் காய்கிறது. அந்த மண் துகள் சீலின் உதட்டுக்குள் மாட்டினால் எண்ணெய் கசியும். மேலே உள்ள டஸ்ட் சீலை மெதுவாக இறக்கி, மெல்லிய ப்ளாஸ்டிக் துண்டை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றித் துடைத்துப் பாருங்கள். மறுபடியும் கசிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். எண்ணெய் பிரேக் பேடில் இறங்கிவிட்டால் பேடும் போச்சு.

மழைல வண்டி முங்கிடுச்சு. ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?

கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் எஞ்சின்களைக் கெடுத்தது வெள்ளம் பாதி, "ஒரு செல்ஃப் அடிச்சுப் பாப்போம்" என்ற ஆசை பாதி. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும்.

பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்: உள்ளே ஈரம் இல்லை, ஆயில் கண்ணாடியில் நிறம் மாறவில்லை என்றால் பிழைத்தீர்கள். ஈரம் இருந்தால் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, குறைந்த தூரம் ஓட்டி இன்னொரு முறையும் ஆயில் மாற்ற வேண்டும். இன்சூரன்ஸில் எஞ்சின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் காப்பைச் சேர்த்திருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன் கம்பெனிக்குச் சொல்லி, தண்ணீர் நின்ற அளவு தெரிகிற மாதிரி படம் எடுத்துவையுங்கள். சாதாரண பாலிசியில், மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து கெடுத்த எஞ்சினுக்கு இழுபறிதான்.

பழைய வண்டி ஒண்ணு விலைக்கு வருது. என்னென்ன பாக்கணும்?

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, ஆறியதும் வாருங்கள். முதல் ஸ்டார்ட்டில் செயின் டென்ஷனர் சத்தம் சில விநாடியில் அடங்க வேண்டும். கூலன்ட், ஆயில் கண்ணாடி, ஃபேன் மூன்றையும் மேலே சொன்ன வரிசையில் பாருங்கள். ஃபேன் ஓடும்வரை ஐடிலில் நிற்கட்டும், அந்தப் பத்து நிமிடத்துக்குப் பொறுமை இல்லாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

பிறகு ஹேண்டில். இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, ஃப்ரேமில் இடித்து நிறுத்தும் முனைகளைப் பாருங்கள். நசுங்கியோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் முன்பக்கமாக இடித்த வண்டி. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினால் நடுவில் 'டக்' என்று உட்காருகிறதா? கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. நெடுஞ்சாலையில் 110-க்கு மேல் முன்பக்கம் ஆடுகிறது என்பவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், பிறகு டயர் தேய்மானத்தை. திருவான்மியூர், நீலாங்கரை பக்கத்து வண்டி என்றால் கடல் காற்றில் துருப்பிடித்த டிஸ்க் போல்ட்டுகளையும், கனெக்டர்களில் பூத்த பச்சையையும் தேடுங்கள்.

2024 மாடல் என்றால் பெட்ரோல் டேங்க் மூடியின் சீலுக்காக 2025-ல் கேடிஎம் ரீகால் அறிவித்தது. சேசிஸ் எண்ணைச் சொல்லி, மாற்றியாயிற்றா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். பேப்பரில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30. கடன் இருந்த வண்டிக்கு 35. பெங்களூரு, புதுச்சேரிப் பதிவு என்றால் தடையில்லாச் சான்றுக்கான 28-ம், இங்கே கட்ட வேண்டிய வரியும். "சைலன்சர் மாத்தியிருக்கேன், செம சவுண்டு" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் ஒரிஜினல் சைலன்சரைக் கையில் கொடுத்தால்தான் விலை பேசுவேன் என்று சொல்லிவிடுங்கள். புதிதாக வாங்கப் போனால் அதன் விலை உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும்.